உப்பு நீரும் ஒரு கிரேக்கச் சொல்லும்

மருத்துவமனைக்குச் சென்று இரத்தம் கொடுத்துவிட்டு வருகிறவர்கள், மறுநாள் கையில் ஒரு சீட்டைப் பெறுகிறார்கள். அதில் "எலெக்ட்ரோலைட்ஸ்" என்ற தலைப்பின்கீழ் சோடியம், பொட்டாசியம், குளோரைடு என்று மூன்று நான்கு எண்கள் இருக்கும். மின்தடை நேரங்களுக்காக வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள், பழுது பார்க்க வரும் மெக்கானிக்கின் வாயிலும் இதே சொல்லைக் கேட்டிருப்பார்கள். அவர் குறிப்பிடுவது பேட்டரிக்குள் இருக்கும் கந்தக அமிலத்தை. பள்ளிக்கூடத்து ரசாயனப் புத்தகத்தில் இச்சொல்லுக்கு வேறொரு வரையறை இருக்கிறது. விளையாட்டு வீரர்கள் அருந்தும் பானத்தின் புட்டியிலும் இது அச்சாகியிருக்கிறது. அமிலத்தைக் குடித்தால் உயிர் போகும். பானத்தைக் குடித்தால் களைப்பு நீங்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் எவ்வாறு வந்தது?

மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளனாக இருபது ஆண்டுகளாகத் தில்லியில் பிழைப்பு நடத்தி வருகிறேன். கலைக் கல்லூரியில் இலக்கியம் படித்தவன். ரசாயனம் எனக்கு அன்னியம். ஆயினும் இந்தச் சொல்லின் வரலாற்றைத் தேடிப் படிக்க வேண்டிய கட்டாயம் எனக்கு நேர்ந்தது. நான் செய்த ஒரு பிழையே அதற்குக் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுக்கு வாய்வழியாகக் கொடுக்கும் உப்புக் கரைசலைப் பற்றிய ஒரு துண்டறிக்கை மொழிபெயர்ப்புக்கு வந்தது. வட மாநிலங்களில் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்து தங்கியிருக்கும் நம்மவர்களுக்காக அதைத் தமிழில் தர வேண்டும் என்பது உத்தரவு. ஆங்கில மூலத்தில் "எலெக்ட்ரோலைட்" என்ற சொல் ஐந்து இடங்களில் வந்தது. நான் கலைச்சொல் அகராதியைப் புரட்டி, "மின்பகுளி" என்ற சொல்லை எடுத்து, ஐந்து இடங்களிலும் ஒழுங்காகப் பொருத்தினேன். அகராதியின்படி அதில் குற்றம் காண ஒருவராலும் இயலாது. மேலதிகாரியும் கையொப்பமிட்டார், அறிக்கை அச்சேறிப் பல இடங்களுக்கும் சென்றது.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள் மாலை, எங்கள் தெருவில் நான்கைந்து வீடுகளில் பாத்திரம் துலக்கும் ஓர் அம்மாள் பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து தில்லியில் முப்பது ஆண்டுகளாக இருப்பவர். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். குழந்தைக்கு இரண்டு நாட்களாக வயிற்றுப்போக்கு. கண்கள் குழிந்து, உதடு உலர்ந்து கிடந்தது. சுகாதார நிலையத்தில் கொடுத்த உப்புப் பொட்டலம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். பிரிக்கவே இல்லை என்றார். அதனுடன் கொடுத்த தாளை மடியிலிருந்து எடுத்து நீட்டினார்.

"பேருலேயே மின்னுன்னு போட்டிருக்கே சார். இதைக் குடிச்சா கொழந்தைக்குக் கரண்டு கிரண்டு அடிச்சிடாதா? பயமா இருந்திச்சி, அப்படியே பெரை மேல வச்சிட்டேன்."

அந்தத் தாளை எழுதியவன் நான்தான் என்று அப்பொழுது சொல்ல எனக்கு நா எழவில்லை. குழந்தையை உடனே ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இரண்டு நாட்கள் ஊசி வழியாக நீர் ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டான். இப்பொழுது பள்ளிக்கூடம் போகிறான். என் கவனம் அன்று முதல் அந்த ஐந்தெழுத்துச் சொல்லை விட்டு அகலவில்லை.

கதை 1834ஆம் ஆண்டில் இலண்டனில் தொடங்குகிறது. மைக்கேல் ஃபாரடே கொல்லன் ஒருவனின் மகன். சிறுவயதில் புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர். கல்லூரியை எட்டிப் பார்க்காதவர். உப்பும் அமிலமும் கரைந்த நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் அப்பொருள்கள் பிரிந்து இரு முனைகளிலும் சேருவதை அவர் நுட்பமாக அளந்து கொண்டிருந்தார். அவர் கண்டவற்றைச் சொல்ல அந்நாளைய ஆங்கிலத்தில் தக்க சொற்கள் இல்லை. இருந்த சொற்களும் அவருக்குப் பிடிக்கவில்லை. உதாரணமாக, மின்சாரம் நுழையும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் "துருவம்" என்று வழங்கி வந்தனர். துருவம் என்றால் காந்தம் போல் இழுப்பது என்ற கருத்து கூடவே வந்துவிடுகிறது. அங்கே இழுப்பு எதுவும் இல்லை என்பது ஃபாரடேயின் எண்ணம். தவறான கொள்கையைத் தன் வயிற்றில் சுமந்துகொண்டிருக்கும் சொல்லை எடுத்தாள அவர் விரும்பவில்லை.

கிரேக்கம் அறியாத அவர், அறிந்தவர்களை நாடினார். முதலில் டாக்டர் நிக்கல் என்ற நண்பர் சில சொற்களைக் கொடுத்தார். அவற்றுள் ஒன்றே "எலெக்ட்ரோலைட்". எலெக்ட்ரான் என்பது கிரேக்கத்தில் அம்பர் எனப்படும் இறுகிய மரப்பிசினின் பெயர். அதைத் துணியில் தேய்த்தால் துரும்பை இழுக்கும். மின்சாரத்திற்கு மேலை நாட்டார் பெயரிட்டது இதைக் கொண்டுதான். லைட் என்னும் பின்பகுதி "அவிழ்ந்தது", "தளர்ந்தது" என்று பொருள்படும். ஆகவே மின்சாரத்தால் கட்டவிழ்வது என்பது இச்சொல்லின் பொருள்.

அடுத்து ஃபாரடே, கேம்பிரிட்ஜில் டிரினிடி கல்லூரியைச் சேர்ந்த வில்லியம் ஹியூவெல் என்ற அறிஞருக்கு அவ்வாண்டு ஏப்ரல் மாதம் கடிதம் எழுதினார். சொற்களைச் செய்து கொடுப்பதில் ஹியூவெல் கைதேர்ந்தவர். "சயண்டிஸ்ட்" என்ற ஆங்கிலச் சொல்லே அவர் படைப்புத்தான். ஃபாரடே தாமாகவே யோசித்து வைத்திருந்த பெயர்கள் பலவும் கரடுமுரடானவை. கிழக்கு முனை, மேற்கு முனை என்ற பொருளில் ஆங்கிலத்தையும் கிரேக்கத்தையும் ஒட்டுப்போட்ட பெயர்கள்கூட அவற்றில் இருந்தன. கிழக்கும் மேற்கும் ஏன் வந்தன என்பது சுவையான செய்தி. பூமியின் காந்த சக்திக்கு அதைச் சுற்றி ஓடும் மின்னோட்டம் காரணமானால், அது சூரியன் செல்லும் திசையில், கிழக்கிலிருந்து மேற்காக ஓட வேண்டும். சோதனைப் பாத்திரத்தை அதே வாக்கில் வைத்தால் மின்சாரம் கிழக்குப் பக்கம் நுழைந்து மேற்குப் பக்கம் வெளியேறும். நுழையும் முனையில் சூரியன் எழுகிறான். வெளியேறும் முனையில் விழுகிறான். ஹியூவெல் இக்கருத்தை எடுத்துக்கொண்டு, மேலே செல்லும் வழி என்ற பொருளில் "ஆனோடு" என்றும், கீழே இறங்கும் வழி என்ற பொருளில் "காதோடு" என்றும் இரண்டு சொற்களைத் தந்தார். முனைகளை நோக்கிச் செல்லும் துகள்களுக்கு "அயான்" என்று பெயரிட்டார். "செல்வது" என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. எங்கிருந்து, ஏன், எந்த விசையால் செல்கிறது என்றெல்லாம் அச்சொல் வாய் திறப்பதே இல்லை. மின்னோட்டத்தைப் பற்றிய கொள்கைகள் பிற்காலத்தில் எவ்வளவோ மாறின. 1897இல் எலெக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தச் சொற்களுக்கு மட்டும் ஒரு பழுதும் நேரவில்லை.

இந்த இடத்தில் நம்முடைய சொற்களைப் பற்றி ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஆனோடை "நேர்மின்வாய்" என்கிறோம். காதோடை "எதிர்மின்வாய்" என்கிறோம். ஃபாரடேயின் பாத்திரத்தைப் பொறுத்தவரை இது சரி. ஆனால் மின்சாரத்தைத் தானே உண்டாக்கித் தருகின்ற பேட்டரியில் ஆனோடு எதிர்மின் முனையாக இருக்கிறது. அப்பொழுது பாடநூல், "நேர்மின்வாய் எதிர்மின் தன்மை உடையது" என்று எழுத நேரிடுகிறது. மாணவன் திகைக்கிறான், ஆசிரியர் மனப்பாடம் செய்துகொள் என்கிறார். இந்தியில் "தனாக்ர", "ருணாக்ர" என்று செய்த சொற்களிலும் இதே வினைதான். ஃபாரடே எந்தக் குழியைத் தவிர்ப்பதற்காகக் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதினாரோ, அதே குழியில் நாம் தமிழிலும் இந்தியிலும் போய் விழுந்திருக்கிறோம். இலங்கைத் தமிழர் "அனோட்டு", "கதோட்டு" என்று ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு தப்பித்துக்கொண்டார்கள். ஒலிபெயர்ப்பு அங்கே பழைய வழக்கம்தான். யாழ்ப்பாணத்தில் 1847 முதல் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், ரசாயன நூலைத் தமிழில் 1875இல் வெளியிட்டபோது அதற்குக் "கெமிஸ்தம்" என்றே பெயர் வைத்தார். நம் பக்கத்தில் 1916இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் தமிழில் சாஸ்திரச் சொற்கள் செய்வதற்கென்றே ஒரு சங்கம் வைத்தார்கள். ஒலியை ஏற்பதா, பொருளைப் பெயர்ப்பதா என்ற வழக்கு அன்றும் இருந்தது. 1961இல் மத்திய அரசு அமைத்த அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம், உலகம் முழுவதும் வழங்கும் பெயர்களை அப்படியே ஏற்பது, கருத்துச் சொற்களை மொழிபெயர்ப்பது என்று ஒரு நடுவழி கண்டது. அயான் இந்தியில் "ஆயன்" ஆயிற்று, தமிழில் "அயனி" ஆயிற்று. எலெக்ட்ரோலைட்டோ கருத்துச் சொல்லாகக் கருதப்பட்டு, இந்தியில் "வித்யுத் அபகட்ய" ஆகியது. மின்சாரத்தால் சிதைக்கத்தக்கது என்று பொருள்.

மின்சாரத்தால் சிதைக்கத்தக்கது என்ற இந்தப் பொருளே ஐம்பது ஆண்டுகளில் ஆட்டம் கண்டது. ஸ்வீடன் நாட்டில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஸ்வாந்தே அரீனியஸ் என்ற இளைஞர் 1884இல் தம் ஆராய்ச்சி நூலைச் சமர்ப்பித்தார். பேராசிரியர்கள் அதற்கு மிகத் தாழ்ந்த மதிப்பே வழங்கினர். 1887இல் அவர் தம் கருத்தை முழு வடிவில் வெளியிட்டார். உப்பைத் தண்ணீரில் போட்ட மாத்திரத்திலேயே அது சோடியம் அயனியாகவும் குளோரைடு அயனியாகவும் பிரிந்துவிடுகிறது. மின்சாரம் வந்து பிரிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே பிரிந்து கிடப்பதனால்தான் மின்சாரம் அதன் வழியே செல்ல முடிகிறது என்றார். இதற்கு ஒரு சான்று நம் சமையலறை அளவில் எளிதாக விளங்கக்கூடியது. சர்க்கரை கரைந்த நீரும் உப்புக் கரைந்த நீரும் தூய நீரைவிடக் குறைந்த வெப்பநிலையில்தான் உறையும். எவ்வளவு குறையும் என்பது, நீரில் எத்தனை துகள்கள் கலந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. சம எண்ணிக்கையில் மூலக்கூறுகளை எடுத்துக்கொண்டால், உப்பு ஏறத்தாழ இருமடங்கு வேலை செய்கிறது. காரணம், உப்பில் ஒன்று இரண்டாகிவிடுகிறது. சர்க்கரை கரைகிறதே தவிர அயனியாகப் பிரிவதில்லை. ஆகையால் சர்க்கரைத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதுமில்லை. தாழ்ந்த மதிப்பெண் பெற்ற அந்த இளைஞருக்கு 1903இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, அவிழ்ப்பது மின்சாரம் அன்று, தண்ணீர். எலெக்ட்ரோலைட் என்ற பெயர் இலக்கணப்படி பொய்யாகிவிட்டது. எனினும் எவரும் அதை மாற்றவில்லை. பழங்கிரேக்கம் செத்த மொழி. அதன் வேர்ச்சொல் உரசினாலும் காது வலிப்பதில்லை. தமிழில் அப்படியன்று. மின் என்றால் நமக்கு வானத்து மின்னல், இல்லையேல் சுவரில் இருக்கும் ஸ்விச்சு. ஆனால் தமிழுக்கு வேறொரு வசதி இருக்கிறது. மின்பகுளி என்பது தொகைச்சொல். வேற்றுமை உருபு மறைந்து நிற்கிறது. "மின்னால் பகுவது" என்று விரித்தால் ஃபாரடேயின் பொருள் கிட்டும். "மின்னேற்றமுள்ள கூறுகளாகப் பகுவது" என்று விரித்தால் அரீனியஸின் பொருள் கிட்டும். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு உரையாசிரியன் இருவருக்கும் உரை சொல்லலாம். இதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. என்றாலும், உரையாசிரியன் இல்லாத குடிசையில் அச்சொல் என்ன செய்தது என்பதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மருத்துவர்கள் இச்சொல்லை இன்னும் ஒரு படி நகர்த்திவிட்டார்கள். ரசாயன நூலில் எலெக்ட்ரோலைட் என்பது உப்பு. மருத்துவமனைச் சீட்டில் அது உப்பிலிருந்து பிரிந்த அயனி. பேட்டரிக் கடையிலோ அது கரைசல் முழுவதும். நம் இரத்த நீரில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை சோடியம் இருக்க வேண்டும், பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை. எண் சிறிதாக இருக்கிறதே என்று பொட்டாசியத்தை இலேசாக எண்ணிவிடக் கூடாது. அது மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் இதயத் துடிப்பு தடுமாறி நின்றுவிடலாம். நரம்பில் செய்தி ஓடுவதும் தசை சுருங்குவதும் இந்த அயனிகள் உயிரணுவின் சவ்வைக் கடந்து உள்ளும் புறமும் செல்வதால் நடப்பவை. அந்த வகையில் உடம்புக்குள் மின்சாரம் இருக்கிறது என்பதும் உண்மையே. அந்த அம்மாள் பயந்த விதத்தில் அன்று.

வயிற்றுப்போக்கில் தண்ணீரோடு இந்த அயனிகளும் வெளியேறுகின்றன. வெறும் தண்ணீரைக் குடித்தால் குடல் அதைப் போதிய அளவு ஏற்பதில்லை. உப்பு நீரும் தனியாகப் பயன்படுவதில்லை. கூடவே குளுகோஸ் இருந்தால் குடலின் சுவர் சோடியத்தையும் குளுகோஸையும் சேர்த்து உள்ளே இழுக்கிறது. தண்ணீர் அவற்றைப் பின்தொடர்கிறது. 1960இல் பிராகு நகரில் ராபர்ட் கிரேன் என்ற அறிஞர் இக்கருத்தை வெளியிட்டார். அது பெருந்திரளான மக்களின் உயிரைக் காத்தது நம் நாட்டில்தான். 1971இல் வங்காளதேசப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் எல்லையைக் கடந்து வந்தனர். மேற்கு வங்கத்தில் போன்காவ் என்ற ஊரில் காலரா பரவியது. ஊசி வழியாக ஏற்றும் நீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மஹலனாபிஸ், குளுகோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு மூன்றையும் அளந்து பொட்டலங்களாகக் கட்டச் செய்து, பீப்பாய்களில் கரைத்து, குழாய் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே பிடித்துக் குடிக்கக் கொடுக்கும்படி செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்டுகொண்டிருந்த இடத்தில் அது நாலு பேருக்கும் கீழாகக் குறைந்தது. செய்முறையை எல்லைப் பகுதியில் மறைவாக இயங்கிய ஒரு வானொலி நிலையம் ஒலிபரப்பவும் செய்தது. மஹலனாபிஸ் 2022இல் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளிக்கப்பட்டது.

மொழிபெயர்ப்பாளனுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. அந்தக் கரைசலை வங்காளதேசத்து மக்கள் இன்றளவும் "காபார் ஸேலைன்" என்றே அழைக்கிறார்கள். காபார் என்றால் உண்பது. ஸேலைன் என்றால் மருத்துவமனையில் ஊசி வழியாக ஏற்றுவது. ஏற்றுகிற ஸேலைனில் மக்களுக்கு நம்பிக்கை இருந்தது. அதையே வாயால் உட்கொள்வது என்று பெயர் சொன்னதும் அந்த நம்பிக்கை இங்கும் வந்து சேர்ந்தது. இந்தியில் "ஜீவன் ரக்ஷக் கோல்" என்றார்கள். உயிர் காக்கும் கரைசல். கோல் என்பது வீட்டுச் சொல், மோரில் உப்பைக் கலக்குகிறவளின் சொல். கலைச்சொல் ஆணையம் கரைசலுக்கு "விலயன்" என்று ஒரு நல்ல சொல் செய்து வைத்திருக்கிறது. அதைப் பொட்டலத்தின்மேல் ஒருவரும் அச்சிடத் துணியவில்லை. இங்கே இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. "ஸொல்யூஷன்" என்ற ஆங்கிலச் சொல் கரைசலையும் குறிக்கும், சிக்கலுக்குக் காணும் விடையையும் குறிக்கும். இரண்டும் அவிழ்த்தல் என்னும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து பிறந்தவை. "உப்புத் தீர்வு" என்று ஒருவர் எழுதிக் கொண்டுவந்ததை நான் திருத்தியிருக்கிறேன். அவரைப் பார்த்துச் சிரித்த நான்தான் மின்பகுளியை ஐந்து முறை எழுதினேன்.

துண்டறிக்கை மறுபதிப்புக்கு வந்தபோது "உப்புச் சர்க்கரைக் கரைசல்" என்று மாற்றினேன். மூலத்தில் உள்ள அறிவியற்சொல் விடுபட்டுவிட்டது என்று கோப்பில் ஆட்சேபணை எழுந்தது. நியாயமான ஆட்சேபணைதான், மூலத்தில் உள்ளதை விடுவதற்கு எனக்கு அதிகாரம் இல்லை. மூன்று பக்கக் குறிப்பு எழுதினேன். ஃபாரடேகூட அதில் வந்தார். கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மக்கள் படிக்கும் முன்பக்கத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசல். செவிலியருக்கான பின்பக்கத்தில் மின்பகுளி.

அச்சுக்குப் போகுமுன் அந்த அம்மாளிடம் படித்துக் காட்டினேன். பெயரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "ஒரு பொட்டலம் ஒரு லிட்டருன்னு போட்டிருக்கே, எங்க வூட்ல லிட்டரு ஏது சார்? பாதிப் பொட்டலத்தை டம்ளர்ல போட்டுக் கலக்கிடுவாளுங்க" என்றார். உப்பு மிகுந்துவிட்டால் குழந்தைக்கு அதுவே கேடு. நான் எண்ணிப் பாராத இடம் அது. லிட்டர் புட்டி ஒன்றின் படத்தைப் போடச் செய்து, அடியில் இப்படி எழுதினோம்: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், பொட்டலம் முழுவதும், சிறிது சிறிதாக, அடிக்கடி, இருபத்து நான்கு மணி நேரம் கழித்து மீந்ததைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்கவும்.